எல்டிஓ டேப்பில் பேக்கப்: பிளாக் அளவு எவ்வளவு, கம்ப்ரெஷன் வேண்டுமா?

ஜவ்வரிசிக் கணக்கு, சேலம்:

வணக்கம். ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதச் சேர்ந்தவள் நான். ஆறு வருடமாக கம்ப்யூட்டரையும் நானே பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் சர்வர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. டேலியை மீட்டுவிட்டோம். கிழங்கு லோடுகளின் எடைச்சீட்டு, பாயிண்ட் சீட்டு (கிழங்கின் மாவுச்சத்தை அளந்து எழுதுவது, விலை அதை வைத்துத்தான்) ஸ்கேன்களில் நான்கு மாதம் போனது போனதுதான். கொஞ்ச நாளில் ஒரு விவசாயி வந்து, "மூணு லோடுக்கு பாயிண்ட் குறைச்சுப் போட்டிருக்கீங்க, சீட்டைக் காட்டுங்க" என்றார். காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. முதலாளி அவர் சொன்ன கணக்கையே ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெரியவர் நின்ற நிலை எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது காந்த டேப்பில் டேட்டா எழுதும் பழைய எல்டிஓ-6 டிரைவ் ஒன்றும் ஐந்து புது டேப்பும் வாங்கியிருக்கிறோம். லினக்ஸில் டார் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கட்டளை) வைத்து எழுதுகிறேன். மொத்தம் 1.4 டிபி, முக்கால்வாசி ஜேபெக் ஸ்கேன்கள். பிரைவேட் லிமிடெட் என்பதால் கணக்கு 8 வருடம் இருக்க வேண்டும்.

பிளாக் அளவு, அதாவது டேப்பில் ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவு, எவ்வளவு வைப்பது? கம்ப்ரெஷன் போடலாமா? டாரா, எல்டிஎஃப்எஸ்ஸா? பக்கத்து அறை சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக எழுதினால் 9 மணி நேரம் ஆகிறது. டிரைவ் ஓடுவதும், நிற்பதும், பின்னால் போவதுமாக இருக்கிறது.

நூல்மில் சிஸ்டம்ஸ், ஓமலூர் ரோடு:

முதலில் அந்தச் சத்தத்தை நிறுத்துங்கம்மா. எல்டிஓ-6 நொடிக்கு 160 எம்பி வரை எழுதும். டேட்டா மெதுவாக வந்தால் வேகத்தை ஓரளவு குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி கிளம்பும். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். ஜிகாபிட் லேனில் 110 எம்பிக்கு மேல் கிடைக்காது. லட்சக்கணக்கான சின்ன ஸ்கேன்கள் என்றால் அதில் பாதிகூட வராது. டிரைவ் மாட்டிய கம்ப்யூட்டரிலேயே 2 டிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, மாதத்துக்கு ஒரு டார் ஃபைலாக அதில் கட்டி வைத்து, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள்.

பிளாக் அளவு. டார் தானாக எடுத்துக்கொள்வது பிளாக்கிங் ஃபேக்டர் 20, அதாவது 512 பைட் துண்டுகள் 20 சேர்ந்து 10 கேபி. இந்த டிரைவுக்கு அது ரொம்பச் சின்னது. டேப் டிரைவை இயக்கும் எம்டி கட்டளையில் செட்பிளாக் 0 கொடுத்து வேரியபிள் முறைக்கு (பிளாக் அளவை டிரைவ் நிலையாக வைக்காத முறை) மாற்றிவிட்டு, டாரில் ஃபேக்டரை 512 ஆக வையுங்கள். 256 கேபி வரும். 256தான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், 512 கேபி வைப்பவர்களும் உண்டு. எதை வைத்தாலும் அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும், நான் சொல்ல வருவது அதுதான்.

எங்கள் மில்லில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைக்கவில்லை. ஒருநாள் பழைய டேப்பைப் போட்டால் "மெமரி ஒதுக்க முடியவில்லை" என்று வந்தது. கம்ப்யூட்டரில் மெமரி பற்றவில்லை என்று நினைத்து ரேம் வாங்கிப் போட்டேன். டேப்பே கெட்டுவிட்டது என்று மேலே சொல்லியும்விட்டேன். விஷயம் என்னவென்றால், டேப்பில் இருந்த பிளாக் பெரியது, நான் படிக்கக் கொடுத்த அளவு சின்னது. பெரிய எண்ணைக் கொடுத்ததும் மூன்றாம் நாள் அத்தனையும் வந்தது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா என்றே நினைவில்லை.

கம்ப்ரெஷன் டிரைவிலேயே இருக்கிறது, போட்டே வையுங்கள். சுருங்காத டேட்டாவை அது அப்படியே எழுதிவிடும், நஷ்டமில்லை. ஆனால் பெட்டியில் 6.25 டிபி என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நிஜ அளவு 2.5 டிபி, ஜேபெக் சுருங்காது. ரகசியக் குறியாக்கம் வேண்டுமானால் டிரைவே செய்யும், சுருக்கிய பிறகு பூட்டும். நீங்கள் முன்னாலேயே சாஃப்ட்வேரில் பூட்டி அனுப்பினால் டேலியும் சுருங்காது. சாவி தொலைந்தால் டேட்டாவும் தொலைந்ததுதான். அதனால் சாவியைத் தாளில் அச்சடித்து முதலாளி வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்டிஎஃப்எஸ் போட்டால் டேப் பென்டிரைவ் மாதிரி தெரியும், ஒரே ஒரு சீட்டைத் தேடி எடுக்க வசதி. ஆனால் எந்த ஃபைல் எங்கே என்று சொல்லும் இன்டெக்ஸை எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் சிக்கல். யுபிஎஸ் பலமாக இல்லாவிட்டால் தினப்படி பேக்கப்புக்கு டாரே போதும்.

அப்புறம், ரீவைண்ட் ஆகாத டிவைஸையே கொடுங்கள், பெயர் என்எஸ்டி0. வெறும் எஸ்டி0 கொடுத்தால் ஒவ்வொரு முறையும் டேப் தொடக்கத்துக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை எழுதுவது திங்கட்கிழமை எழுதியதன் மேலேயே விழும்.

ஏற்காடு காபி:

ஒரு டேப் ஆலைக்கு வெளியே இருக்க வேண்டும், அதையும் யோசியுங்கள் சகோதரி. எங்கள் எஸ்டேட் கணக்கு டேப் சேலத்தில் இருக்கிறது, எங்கள் சேலம் கிளையின் டேப் இங்கே மலையில் இருக்கிறது. இங்கே வெயில் பயமில்லை, பனிமூட்டம்தான் பயம். இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கிறோம். 20 ஹேர்பின் வளைவு இறங்கிக் கீழே கொண்டுபோன உடனே டிரைவில் போட மாட்டோம். ஒருநாள் முழுக்க அந்த அறையிலேயே கிடக்கவிட்டு அப்புறம்தான் போடுவோம்.

இன்னொன்று. எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-7 டிரைவ் படிக்கும், எல்டிஓ-8 படிக்காது. 8 வருடம் என்றால் இப்போதே இன்னொரு எல்டிஓ-6 டிரைவ் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் புது டேப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

ஜவ்வரிசிக் கணக்கு, சேலம்:

இரண்டு பேருக்கும் நன்றி. எஸ்எஸ்டி போட்டு, 256 கேபியில் எழுதினேன். இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, ஒரே சீரான சத்தம். நேற்று டிரைவை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றி, போன பிப்ரவரி ஃபைலிலிருந்து ஒரே ஒரு பாயிண்ட் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. அச்செடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன்.

டேப் உறையில் இப்படி ஒட்டியிருக்கிறேன்: "எல்டிஓ-6. டார். வேரியபிள். ஃபேக்டர் 512. கம்ப்ரெஷன் உண்டு. பூட்டு இல்லை." இது போதுமா?

நூல்மில் சிஸ்டம்ஸ், ஓமலூர் ரோடு:

எத்தனையாவது ஃபைலில் எந்த மாதம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கம்மா. உறை மாறிப்போகும், அதனால் டேப் நம்பரை டேப் மேலேயே லேபிள் ஒட்டும் பள்ளத்தில் ஒட்டுங்கள். வேறு எங்கே ஒட்டினாலும் டிரைவுக்குள் பிய்ந்து மாட்டிக்கொள்ளும்.