குற்றாலத்துப் பழமும் எங்கள் வீட்டுக் கிளியும்

எங்களிடம் இருப்பது சன் கன்யூர், தென் அமெரிக்கக் கிளி இனம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

சாரல் காலத்தில் குற்றாலம் போனவர்கள் பாளையங்கோட்டைக்கு வெறுங்கையோடு திரும்புவதில்லை. போன சீசனில் அத்தான் ரம்புட்டான், மங்குஸ்தானோடு பட்டர் ஃப்ரூட்டும் (அவகாடோ) பை நிறைய வாங்கிவந்தார். பேசிக்கொண்டே பட்டர் ஃப்ரூட் ஒன்றைக் கீறி, கரண்டியில் கொஞ்சம் வழித்துக் கூண்டுக்குள் நீட்டினார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அத்தானுக்கு முகம் சுண்டிவிட்டது. "கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுக்கிறோம், கிளிக்கு ஆகாதா?" என்றார்.

ஆகாது, அத்தான். அதிலுள்ள பெர்சின் என்னும் பொருள் நம்மை ஒன்றும் செய்வதில்லை. பறவைக்கோ இதயத்தைத் தாக்கி மூச்சுத்திணற வைக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம், முறிமருந்தும் கிடையாது. சதை, தோல், கொட்டை, இலை என்று எதையும் கிளிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஆப்பிள் கொடுக்கலாம், ஆனால் விதையை எடுத்துவிட வேண்டும். மென்றால் சயனைடு உண்டாகும். பப்பாளி விதை பரவாயில்லை. கொய்யாவும் நல்லது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்றை மட்டும் நீட்டாதீர்கள். மிளகாய்க் காரம் கிளிக்கு உறைக்காது, உப்புதான் கெடுதல்.

எங்கள் கிளிக்கு மாதுளை என்றால் உயிர். ஒரு காலால் துண்டைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு முத்தாகப் பிடுங்கி, நாக்கில் உருட்டிச் சாற்றைப் பிழிந்துவிட்டுச் சக்கையை உதறும். பக்கத்துச் சுவரெல்லாம் சிவப்புப் புள்ளி. வெள்ளையடித்த வீட்டுக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்!

இத்தனை ஆசையாகத் தின்கிறதே என்று அள்ளிக் கொடுக்கவும் கூடாது. மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கு பழம் போதும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் நறுக்கிய பழம் சீக்கிரம் புளித்துவிடும். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிடுகிறேன்.

பழம் தின்ற நாளில் எச்சம் தண்ணீராக இருப்பதைப் பார்த்து ஆச்சி ஓமத்தண்ணீரைத் தேடுவார். பழத்தின் நீர்தான் அப்படி வெளியேறுகிறது. பழத்தை நிறுத்திய மறுநாளும் அப்படியே இருந்தாலோ, கிளி சிறகை உப்பவைத்து உட்கார்ந்திருந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.