சேஃப்லைட்டுக்கு ஒரு சொல்: கூசாவிளக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

கறுப்பு-வெள்ளைப் படங்களை இருட்டறையில் பிரிண்ட் போடும் வேலைக்கான சொற்களைத் தமிழில் தேடிக்கொண்டிருக்கிறோம். தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பருக்கு உருத்துலக்கி என்று முடிவாகிவிட்டது. வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ ஹைப்போவாகவே இருக்கட்டும் என்பதில் எனக்கும் சம்மதம். இழுத்துக்கொண்டே போவது, பிரிண்ட் போடும் தாளைக் கெடுக்காமல் இருட்டறையில் எரியும் விளக்கான சேஃப்லைட் ஒன்றுதான். ‘பாதுகாப்பு விளக்கு’ என்றார் ஒருவர், ‘செவ்விளக்கு’ என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. ஏன் என்பதை, என் இருட்டறையாகிவிட்ட குளியலறையிலிருந்தே சொல்கிறேன்.

ஐந்தடிக்கு ஏழடி. வாஷிங் மெஷின் மேல், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளியாய் விழவைக்கும் என்லார்ஜர். மூன்று தட்டுகளை வரிசையாகப் பரப்ப இடமில்லை என்பதால் ஒரு பழைய செருப்பு ஸ்டாண்டைக் கழுவி உள்ளே கொண்டுவந்தேன். மேல் அடுக்கில் உருத்துலக்கி, நடுவில் உருத்துலக்கியின் வேலையை நிறுத்தும் அசிட்டிக் அமிலக் கரைசல், கீழே ஹைப்போ. சொட்டினாலும் அடுத்துப் போகவேண்டிய தட்டில்தான் சொட்டும். வென்டிலேட்டருக்குக் கறுப்புச் சார்ட், கதவிடுக்குக்குச் சுருட்டிய துண்டு. உருத்துலக்கி 20 டிகிரியில் இருந்தால் நல்லது. சென்னையில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் உருத்துலக்கித் தட்டை வைத்து, இரவு பத்துக்கு மேல் தொடங்குவேன்.

போன வருடம் ஒரு சிவப்பு பல்பு வாங்கி மாட்டிவிட்டு, அப்பாவின் பழைய நெகட்டிவ் ஒன்றைப் பிரிண்ட் போட்டேன். தட்டை ஆட்ட ஆட்ட மீசை வந்தது, கண் வந்தது, சட்டைப் பையில் சொருகிய பேனா வந்தது. வேட்டி மட்டும் வெள்ளையாக வரவில்லை. சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வெளிச்சமே படாத தாளின் ஓரமும் அதே சாம்பல். உருத்துலக்கி பழசாகிவிட்டதோ, ஒளி கூடிவிட்டதோ என்று பத்துத் தாளை வீணடித்த பிறகுதான் பல்பின் மேல் சந்தேகம் வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை எல்.இ.டி., மேலே ஒரு சிவப்பு மூடி. மூடி வழியாகக் கொஞ்சம் பச்சை கசிந்திருக்கிறது. என் கண்ணுக்கு அது சிவப்பு விளக்குதான். தாளுக்கு இல்லை.

ஆகவே ‘செவ்விளக்கு’ போதாது. என் பல்பும் செவ்விளக்குதான், தாளைக் கெடுத்துவிட்டதே! மஞ்சள் கலந்த பழுப்பு விளக்கில் வேலை செய்யக்கூடிய தாள்களும் இருக்கின்றன. சரி, ‘பாதுகாப்பு விளக்கு’ என்றால்? யாருக்குப் பாதுகாப்பு? சுரங்கத்தில் எரிந்த டேவி விளக்கும் பாதுகாப்பு விளக்குதான். தாளுக்கு ஒன்றும் செய்யாத அதே சிவப்பு, எல்லா நிறத்தையும் உணரும் பேன்குரோமேட்டிக் பிலிமைப் பாழாக்கிவிடும். இங்கே பேச்சு விளக்கைப் பற்றியதே இல்லை, தாளைப் பற்றியது. தாளில் பூசியிருக்கும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்தையும் அதைத் தாண்டிய புற ஊதாவையும்தான் உணரும். சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரவைக்கலாம் என்று 1873இல் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார். இன்றைய மல்டிகிரேடு தாள் நீலம், பச்சை இரண்டையும் உணரும். கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த இரண்டை வைத்துத்தான். சிவப்பை உணரும் சாயத்தை அதில் சேர்ப்பதில்லை. அதனால்தான் நாம் கண்ணால் பார்த்து வேலை செய்ய முடிகிறது.

இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. வெயிலில் கண் கூசுகிறது. ஐஸ் பட்டால் பல் கூசுகிறது. தாளைக் கூசவைக்காத விளக்கு கூசாவிளக்கு. ஒரு சொல்லோடு நிற்காமல் குடும்பமே கிடைக்கிறது பாருங்கள்: “இந்தத் தாளுக்குப் பச்சைக் கூச்சம் உண்டு, சிவப்புக் கூச்சம் கிடையாது.” இருட்டறையில் பக்கத்தில் நிற்பவரிடம் இதை அப்படியே சொல்லலாம்.

கூசுவது தாள், விளக்கு இல்லையே என்று இலக்கணம் அறிந்த நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் உண்ணாநோன்பில் உண்ணாதது நோன்பா? நோற்பவர்தானே. கண் கூசாத வெளிச்சம் என்று நாம் பேசுவதும் இதே அமைப்புதான்.

இன்னொரு தடை: எந்தக் கூசாவிளக்கும் நெடுநேரம் எரிந்தால் தாளைக் கெடுக்கும், அப்படியிருக்க ‘கூசா’ என்று அடித்துச் சொல்லலாமா? அணையாவிளக்குக்கும் எண்ணெய் ஊற்றத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று அளக்க எளிய வழி இருக்கிறது. என்லார்ஜரில் தாளுக்கு இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு மட்டும் ஒளி கொடுக்க வேண்டும். வெறும் தாளில் சின்னக் கசிவு தெரியாமல் போய்விடும், அதற்காகத்தான் இது. அப்புறம் அதன் மேல் ஒரு காசை வைத்து, விளக்கடியில் ஆறு நிமிடம் விட்டு, விளக்கை அணைத்துவிட்டு உருத்துலக்க வேண்டும். காசு இருந்த இடம் வெளிறிய வட்டமாகத் தெரிந்தால் விளக்கு தேறவில்லை. இதை நாணயச் சோதனை என்றே வைத்துக்கொள்ளலாம். விளக்கின் நாணயத்தைத்தானே சோதிக்கிறோம்.

இப்போது மாட்டியிருப்பது 630 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. ஐந்து ரூபாய்க் காசு வைத்துப் பார்த்தேன், வட்டம் இல்லை. வேட்டி வெள்ளையாக வந்தது.

அந்தச் சாம்பல் படிவதற்கு ‘மூட்டம்’ என்று வைக்கலாமா? ‘தாள் மூட்டம் போட்டுவிட்டது’ என்று நான் வீட்டில் சொல்லிப் பழகிவிட்டேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.