வெனம், பாய்சன்: ஏற்றுநஞ்சும் ஊறுநஞ்சும்

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் பாம்பு, தேள் போன்றவை காயம் உண்டாக்கி உள்ளே செலுத்துவது வெனம் (venom), தின்றாலோ தொட்டாலோ பாதிப்பது பாய்சன் (poison). இந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், வெனத்துக்கு நஞ்சு, பாய்சனுக்கு விடம் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று போன மடலில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டும் ஒரே பொருளுக்கான சொற்கள், ஒன்று தமிழ், மற்றது விஷத்தைத் தமிழாக்கியது, அவ்வளவுதான். எது எதற்கு என்று எழுதுகிற நமக்கே அடுத்த வாரம் மறந்துபோகும், படிக்கிற பிள்ளைகள் பாவம். பழைய வழக்கும் கைகொடுக்காது. குறளில் நஞ்சைக் குடிக்கிறார்கள், மூதுரையில் அதே நஞ்சு நாகத்திடம் இருக்கிறது.

நான் இருப்பது ஊத்துக்கோட்டையில். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா, சுருட்டப்பள்ளி. ஆலகாலத்தைக் குடித்துவிட்டு சிவன் பார்வதி மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிற கோயில் அதுதான். கடலைக் கடைந்தபோது வாசுகி கக்கியதும் கடலில் எழுந்ததும் சேர்ந்ததுதான் ஆலகாலம் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். பாம்பு கக்கியது வெனம், ஆனால் அவர் குடித்தாரே, அப்போது பாய்சனா? உயிரியல்படி பார்த்தால் பாம்பின் நஞ்சு பெரும்பாலும் புரதம், வயிற்றுக்குள் போனால் செரித்துவிடக்கூடியது, ரத்தத்தில் கலந்தால்தான் வேலையைக் காட்டும். (வாயிலோ குடலிலோ புண் இருந்தால் கதை வேறு, யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) அதனால் அவரைப் படுக்கவைத்தது கடல் பங்குதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் இந்த வேறுபாட்டைப் பெயரில் வைக்கவில்லை, வினையில் வைத்திருக்கிறது. பாம்பு கடித்தவருக்கு விஷம் 'ஏறுகிறது', பூச்சிமருந்து குடித்தவரை விஷம் 'குடித்துவிட்டார்' என்கிறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெலுங்கிலும் இதே கதைதான், 'விஷம் எக்கிந்தி', 'விஷம் தாகாடு' என்பார்கள், பெயர் ஒன்று, வினை வேறு. அப்படியிருக்க, புதுச் சொல்லை அந்த வினையிலிருந்து எடுப்பதுதானே முறை?

முதலில் கடிநஞ்சு என்று நினைத்தேன், ஆஸ்பத்திரியில் விஷக்கடி என்று எழுதுகிறார்களே என்று. ஆனால் தேள் கடிப்பதில்லை, கொட்டுகிறது. பழவேற்காட்டுக்குப் போனால் அதுவும் உதவாது. திருக்கைக்கு வாலில் முள், கெளுத்திக்குத் துடுப்பில் முள், வலையிலிருந்து எடுக்கும்போது குத்தினால் கடுப்பு உயிர் போகும், சூடு தாங்குகிற அளவுக்கு வெந்நீரில் கையை வைத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அதே திருக்கையின் முள்ளை ஒடித்துவிட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. பேத்தை மீன் நேர்மாறு. அது யாரையும் குத்தி நஞ்சு ஏற்றுவதில்லை, ஆனால் அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சு சமைத்தாலும் போகாது, ஆளையே கொல்லும். ஒரே வலையில் விழுகிற இரண்டு மீன்களுக்கு நடுவில் உள்ள இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

ஆகவே கடித்தோ கொட்டியோ குத்தியோ, காயம் உண்டாக்கி உள்ளே செலுத்துவதற்கு ஏற்றுநஞ்சு. 'ஏற்றுக்கொள்' என்று தவறாகப் படித்துவிடுவார்களே என்று கேட்கலாம். ஏற்றுமதியை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

மற்றதற்கு, அதாவது பாய்சனுக்கு, உடல்நஞ்சு என்று ஒருவர் சொன்னார். பொருள் சரிதான், ஆனால் புணர்ச்சி பார்க்கிற ஒருவர் கையில் கிடைத்தால் 'உடனஞ்சு' ஆகிவிடும், அப்புறம் உடன் அஞ்சு பேர் யார் என்று தேட வேண்டியதுதான். என் பரிந்துரை ஊறுநஞ்சு. ஊறுகாயில் உள்ள ஊறு, உடம்பிலேயே ஊறிக்கிடப்பது. ஊறு என்றால் தொடுவுணர்வு, கேடு என்ற பொருள்களும் உண்டு, இங்கே மூன்றுமே பொருந்துகின்றன. எங்கள் வீட்டு நாய் ஒரு மழைநாளில் தேரையைக் கவ்விவிட்டு வாயெல்லாம் நுரை தள்ளி நின்றது. தேரை அதைக் கடிக்கவில்லை, கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கிற சுரப்பியிலிருந்து கசிந்தது, அவ்வளவே. பாம்பு பிடிக்கிற இருளர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பாம்புக்குப் பல்லுல, தேரைக்குத் தோலுல" என்று முடித்துவிட்டார். நாம் இத்தனை மடல் எழுதியிருக்கிறோம்.

தவளை இனம் எல்லாமே ஊறுநஞ்சுதான் என்று அகராதியில் எழுதிவிடாதீர்கள். பிரேசிலில் இரண்டு தவளைகளுக்குத் தலையில் எலும்பு முட்கள் இருக்கின்றன, தோல் நஞ்சை அந்த முள்ளால் குத்தி ஏற்றுகின்றன என்று 2015ல் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் ஒரு நீர்க்கோலி வகை தேரையைத் தின்று அதன் நஞ்சைக் கழுத்துச் சுரப்பியில் சேர்த்துவைக்கிறது, பல்லிலும் தனியாக நஞ்சு உண்டு, அதற்கு இரண்டு சொல்லும் வேண்டும். விலங்கைப் பார்த்துப் பெயர் வைக்காமல் வழியைப் பார்த்து வைத்தால் இந்தச் சிக்கல்களும் அடங்கிவிடும். ஆப்பிரிக்காவில் கண்ணைக் குறிபார்த்துத் துப்புகிற நாகங்கள் போன்றவற்றுக்காக, காயமில்லாமல் மேலே பீய்ச்சப்படுவது மூன்றாம் வகை என்று 2014ல் தனிச்சொல் முன்மொழிந்தார்கள். அதற்கு உமிழ்நஞ்சு, உமிழ்நீர் இருப்பதால் விளக்கம் தேவையில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், ஆன்டிவெனம் என்கிற பாம்புக்கடி மருந்துக்கு வழக்கில் இருக்கிற பெயரைத் தொடாதீர்கள். 1978ல் தொடங்கிய, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது, அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி மருந்து செய்கிறார்கள். கட்டுவிரியன் கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் கேட்பது விஷமுறிவு ஊசி. அந்த நேரத்தில் 'ஏற்றுநஞ்சு முறி இருக்கிறதா' என்று யாரையும் கேட்கவைக்க வேண்டாம்.