ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியும் பல் காறை எடுக்கும் ஸ்கேலரில் பாசி வாடை. என்ன செய்யலாம்?

பெங்களூரு அல்சூரில் ஒரே சேர் உள்ள சின்ன பல் கிளினிக் என்னுடையது. டேங்கர் தண்ணீரின் உப்பு ஏரோட்டரை (பல்லைக் குடையும் கருவி) அடைக்கிறதே என்று போன வருடம் சேரைத் தனி பாட்டிலுக்கு மாற்றி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி வருகிறேன். இந்தத் திங்கட்கிழமை ஸ்கேலிங் நடுவே ஒரு பாட்டி, "டாக்டர், தண்ணி குட்டை மாதிரி வாடை அடிக்குது" என்றார். வாய்க்குள் காற்றும் தண்ணீரும் அடிக்கும் திரீ-வே சிரிஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் பீய்ச்சினேன். சளி போல மெல்லிய துணுக்குகள் மிதந்தன. பாட்டிலைத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை.

பதில் 1:
டாக்டர், கோளாறு பாட்டிலில் இல்லை, சேருக்குள் தண்ணீர் ஓடும் குழாயில் இருக்கிறது. அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். ராத்திரியும் ஞாயிறும் தண்ணீர் அதிலேயே தேங்கி நிற்கும். உட்சுவரில் கிருமிகள் ஒட்டிப் படலமாகிவிடும். ஆர்.ஓ. குளோரினையும் எடுத்துவிடுவதால் அவற்றுக்குத் தடையே இல்லை.

கேட்டவர்:
காலையில் மூன்று நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

பதில் 1:
போதாது. தேங்கிய தண்ணீர் போகும், படலம் அப்படியே ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20-30 விநாடி ஓடவிடச் சொல்வது, அவர் வாயிலிருந்து உள்ளே ஏறியதை வெளியே தள்ளத்தான். அதை விடாதீர்கள்.

பதில் 2:
முதலில் ஷாக் ட்ரீட்மென்ட் செய்யுங்கள், அதாவது குழாய்க்குள் கிருமிநாசினி ஏற்றிப் படலத்தை அழியுங்கள். உங்கள் சேர் கம்பெனியின் கையேடு அனுமதிக்கும் மருந்து மட்டும், லேபிளில் உள்ள அளவு, அதில் சொன்ன நேரம். அப்புறம் நன்றாக அலசுங்கள். கண் அளவில் பிளீச் ஊற்ற வேண்டாம். வால்வும் ரப்பர் வளையமும் அரித்துப்போகும். பிறகு தினமும் பாட்டில் தண்ணீரில் போடும் கிருமிநாசினி மாத்திரை. ராத்திரி பாட்டிலைக் கழற்றிக் காயவையுங்கள்.

வாடை போனதை வைத்துச் சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள். லேப் தரும் ஸ்டெரைல் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே அனுப்புங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சொல்லும் வரம்பு மில்லிலிட்டருக்கு 500 சி.எஃப்.யு. (வளரக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை). எலும்பைத் தொடும் சர்ஜரிக்கு இந்தக் குழாய்த் தண்ணீரே வேண்டாம், ஸ்டெரைல் சலைன்தான். அமெரிக்காவில் 2015இல் ஜார்ஜியாவிலும் 2016இல் கலிபோர்னியாவிலும் பால்பல்லுக்கு பல்பாட்டமி (பல்லின் உள்கூழை ஓரளவு எடுக்கும் சிகிச்சை) செய்த குழந்தைகளுக்கு இதுபோன்ற சேர் தண்ணீர் வழியாக மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியின் தொற்று வந்தது. தாடை எலும்பையே சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் வரும் கிளினிக் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
நேற்று ராத்திரி மருந்து ஏற்றினேன். காலையில் முதலில் வந்தது பழுப்புத் தண்ணீர், கொத்தாகத் துணுக்குகள். பார்க்கவே மனசு கனத்துவிட்டது. இப்போது தெளிவாக வருகிறது. சாம்பிள் லேபுக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை சேர் தண்ணீரைத் தொடுகிற எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. பாட்டிக்கும் போன் செய்து விசாரித்தேன், நன்றாக இருக்கிறார்.