டென்சர் நுண்கணிதத்தைத் தனியாகக் கற்பவர் எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பாடம்:
நான் இயந்திரப் பொறியாளன். கல்லூரியை விட்டு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலை, அது எழுதப்பட்டிருக்கும் டென்சர் (ஆயங்கள் மாறினாலும் பொருள் மாறாத, பல உறுப்புகள் கொண்ட அளவு) சமன்பாடுகளோடு படித்துவிட வேண்டும் என்ற ஆசையில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இயற்பியலாளர் ஷான் கரோலின் 1997ஆம் ஆண்டு விரிவுரைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு இரண்டு மாதங்களாகப் போராடி வருகிறேன். முதல் அதிகாரத்தை ஒருவாறு கடந்தேன். மேனிஃபோல்டுகளை, அதாவது சிறு பகுதியில் பார்த்தால் தட்டையாகத் தோன்றும் வெளிகளைப் பற்றிய இரண்டாம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குவது போலிருக்கிறது, ஆனால் தாளை எடுத்தால் ஒரு வரிகூட நகர்வதில்லை. எதைப் படித்துவிட்டு இதற்குத் திரும்ப வேண்டும்?

மேற்சுட்டு:
தாளில் கை ஓடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால், குறை எங்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. இத்தாலியக் கணிதர்கள் ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் 1900இல் இத்துறையை முறைப்படுத்தி வெளியிட்டபோது அதை ஒரு கணக்கிடும் முறையாகவே வழங்கினார்கள். அதை அப்படியே கற்பதில் இழிவு எதுவும் இல்லை. சிஞ்சும் ஷில்டும் 1949இல் எழுதிய பழைய நூலையோ, டேவிட் கே எழுதிய ஷாம் வரிசைப் பயிற்சி நூலையோ எடுத்துக்கொண்டு, கூட்டல் மரபு (ஓர் உறுப்பில் இருமுறை வரும் சுட்டின், அதாவது உறுப்பைக் குறிக்கும் எண்ணின், எல்லா மதிப்புகளுக்கும் கூட்டுவது), மெட்ரிக் டென்சர் (தூரத்தை அளப்பது), கிறிஸ்டாஃபெல் குறிகள் (அடிப்படைத் திசையன்கள் இடத்துக்கு இடம் மாறுவதைக் கணக்கில் எடுப்பவை) என்ற வரிசையில் நூறு கணக்குகளையாவது கையால் போடுங்கள். பொருள் பின்னால் வரும்.

சமதளம்:
பொருள் பின்னால் வரும் என்று நம்பித்தான் நானும் ஓராண்டைத் தொலைத்தேன். "இன்ன விதிப்படி உருமாறுவது எதுவோ அதுவே டென்சர்" என்ற வரையறையைக் கொண்டு தேர்வு எழுதலாம். ஆனால் அடிப்படைத் திசையன்களுக்கு எதிராக மாறும் எதிர்மாறி உறுப்பும் அவற்றோடு சேர்ந்து மாறும் இணைமாறி உறுப்பும் ஏன் வெவ்வேறு விதமாக மாறுகின்றன என்று கேட்டால் அந்த வரையறையிடம் விடை இல்லை. அடிப்படைத் திசையன்களை இரு மடங்கு நீளமாக்கினால் அதே அம்புக்குறியின் உறுப்புகள் பாதியாகும் என்ற ஒரே படத்தில் அந்த விடை இருக்கிறது. ஆகவே முதலில் நேரியல் இயற்கணிதத்தைச் செப்பனிட்டுக்கொண்டு, ஐகன்கிறிஸ் என்னும் யூடியூப் அலைவரிசையில் உள்ள தொடக்கநிலை டென்சர் காணொளிகளைப் பாருங்கள். ஃபைன்மன் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில் 31ஆம் அதிகாரம் கால்டெக் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பொருளுக்குள் எழும் விசைகளைச் சொல்லும் தகைவு டென்சரை ஏற்கெனவே அறிந்த பொறியாளருக்கு அதைவிட இணக்கமான வாசல் எனக்குத் தெரியாது.

மேற்சுட்டு:
அந்த அதிகாரம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வருவன எல்லாம் செங்குத்து அச்சுகள். மேற்சுட்டு (எதிர்மாறி), கீழ்ச்சுட்டு (இணைமாறி) என்ற வேறுபாட்டுக்கே அங்கு வேலை இல்லை. நண்பர் சிக்கியிருப்பதோ அந்த வேறுபாட்டில். காணொளிகளைப் பொறுத்தவரை, பார்த்து முடித்ததும் புரிந்துவிட்டது என்று தோன்றுமே, அந்த நிறைவைத்தான் நான் அஞ்சுகிறேன். அவர் முதல் பதிவில் சொன்ன நோயும் அதுவே.

வாதத்தை நிறுத்திவிட்டு ஒரு சோதனை வைப்போம். இரவுப்பாடம் அவர்களே, சமதளத்தில் துருவ ஆயங்களுக்கு (ஆரமும் கோணமும்) கிறிஸ்டாஃபெல் குறிகளைக் கண்டுபிடித்து, அவற்றைக் கொண்டு ஒரு துகளின் முடுக்கத்தை எழுதிக் காட்டுங்கள். விடை உங்கள் இயக்கவியல் பாடநூலிலேயே இருக்கிறது என்பதால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரவுப்பாடம்:
மூன்று இரவுகள் பிடித்தன. ஆரத் திசையில், ஆரத்தையும் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி எதிர்க்குறியோடு வரும் உறுப்பு பாடநூலில் உள்ளபடியே வந்தது. உண்மையில் அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கோணத் திசையில் மட்டும் இரண்டு பிழைகள். ஆரம் மாறும் வேகமும் கோணத் திசைவேகமும் பெருகி வரும் கொரியாலிஸ் உறுப்பில் வரவேண்டிய 2 வரவில்லை. அது போதாதென்று, விடை முழுவதும் பாடநூல் விடையை ஆரத்தால் வகுத்தது போல் நிற்கிறது.

மேற்சுட்டு:
கூட்டல் மரபில் திரும்ப வரும் இரு சுட்டுகளும் தனித்தனியே எல்லா மதிப்புகளையும் எடுக்கும். ஆரம்-கோணம் ஒருமுறை, கோணம்-ஆரம் ஒருமுறை. நீங்கள் ஒன்றை மட்டும் எழுதியிருப்பீர்கள். கிறிஸ்டாஃபெல் குறிகள் கீழ்ச்சுட்டுகளில் சமச்சீரானவை என்பதால் இரண்டும் சமம், ஆகவே 2. இந்தப் பிழையை எந்தக் காணொளியும் உங்களுக்காகக் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

சமதளம்:
முதல் பிழையை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இரண்டாவது பிழையே அல்ல, அதைச் சுட்டுகளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. கோணத் திசைக்கான அடிப்படைத் திசையனின் நீளம் 1 அன்று, அது ஆரத்துக்குச் சமம். மையத்திலிருந்து விலக விலக, ஒரே கோண மாற்றம் நீண்ட வில்லை வரைகிறது அல்லவா? உங்கள் பாடநூல் ஓரலகுத் திசையனைக் கொண்டு எழுதுகிறது, டென்சர் கணக்கு நீளமான திசையனைக் கொண்டு எழுதுகிறது. உங்கள் விடையை ஆரத்தால் பெருக்கிப் பாருங்கள். இந்தப் படம் மனத்தில் இல்லாதவர் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுதுவார். நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

மேற்சுட்டு:
மெட்ரிக் டென்சரின் கோண உறுப்பு ஆரத்தின் வர்க்கம். நீளம் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. படம் இல்லாமலும் படிக்கலாம்.

சமதளம்:
படிக்கலாம், அங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்! ஐன்ஸ்டைனுக்கே 1912இல் சூரிச்சில் மார்செல் கிராஸ்மன் என்ற நண்பர் எங்கே பார்ப்பது என்று காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகும் இருவரும் சரியான சமன்பாட்டின் அருகே போய், அதை இயற்பியல் பொருளில் தவறாகக் கருதி விட்டுவிட்டார்கள். இறுதி வடிவம் 1915 நவம்பரில்தான் வந்தது. சுட்டுகளைக் கையாளத் தெரியாததால் நேர்ந்த தாமதம் அன்று அது.

இரவுப்பாடம்:
பெருக்கினேன், இரண்டும் பொருந்திவிட்டன. நான் புரிந்துகொண்ட வரையில், சமதளத்திலும் கிறிஸ்டாஃபெல் குறிகள் சுழியாகவில்லை என்றால், அவை வளைவைக் காட்டுவன அல்ல, ஆயங்களின் கோணலைக் காட்டுவன. சரியா?

சமதளம்:
சரி. அவை டென்சர் அல்ல என்பதற்கும் அதுவே சான்று. செவ்வக ஆயங்களுக்கு மாறினால் அத்தனையும் சுழியாகிவிடும், டென்சராக இருந்தால் அப்படி மறைய முடியாது.

மேற்சுட்டு:
இதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்து ஒரு கோளத்தின் பரப்பை எடுங்கள். வளைவை அளக்கும் ரீமான் டென்சருக்கு இரு பரிமாணத்தில் 16 உறுப்புகள் இருந்தாலும் ஒன்றையொன்று சாராதது ஒன்றே. அதை மெட்ரிக்கின் அணிக்கோவையால் வகுத்தால் கோள ஆரத்தின் வர்க்கத்தின் தலைகீழி வர வேண்டும். வந்த பிறகு கரோலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறவுங்கள்.

இரவுப்பாடம்:
இரண்டாம் அதிகாரத்தில் நின்ற இடத்தையே நேற்று மீண்டும் திறந்தேன்; நான்கு பக்கங்கள் நகர்ந்தன. கோளக் கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். இம்முறை அடிப்படைத் திசையன்களை வரைந்துவிட்டுத்தான் சுட்டுகளை எழுதப்போகிறேன், மேற்சுட்டு அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.