வீட்டுக்கு ஒரு போன், குழுவுக்கு நாலு பிள்ளையள்: படிப்புச் செயலியைத் திருத்தும்போது ஐந்து பேர் கண்டவை

கிளிநொச்சி, திரை வடிவமைப்பு

உயர்தரப் பிள்ளையள் நாலு நாலு பேராய்ச் சேர்ந்து படிக்கிற செயலியைத் திருத்துறவை முதலில் நேரலை அறையை, அதுதான் வீடியோவில் கூடுற இடத்தை, தூக்குங்கோ. நாலு பேரும் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் இருப்பினம் எண்ட நினைப்பில் கட்டினது அது. இங்கே கன வீட்டில் ஒரு போன்தான். பகலில் அது அப்பாவோடு வயலுக்கோ வாடிக்கோ போயிடும், பிள்ளையின் கைக்கு வாறது இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில். ஒரு வீட்டில் கூடிப் படிக்கலாம்தானே எண்டு கேட்டால், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் மைமல் பட்டால் யானைப் பயம். காசுக் கணக்கும் பாருங்கோ: செக்கனுக்கு 500 கிலோபிட் ஓடுற வீடியோ அழைப்பு ஒரு மணித்தியாலத்தில் 225 மெகாபைட்டைத் தின்னும்.

அதனால் முறை வைத்துச் செய்விக்கிறது நல்லது. நாலு பேர், நாலு கணக்கு. ஒவ்வொரு கணக்கையும் ஒவ்வொருவர் தொடங்கி, தன் படியை எழுதி அடுத்தவருக்குத் தள்ளவேணும். அப்போது எந்த இரவு போன் கிடைத்தாலும் செய்ய ஏதோ ஒன்று காத்திருக்கும். ஒரு முறைக்கு 24 மணித்தியாலம் காணாது. திங்கள் இரவு எட்டுக்கு முறை வந்த பிள்ளைக்குச் செவ்வாய் எட்டரைக்குத்தான் போன் கிடைத்தால் அரை மணியில் தவறிப் போகும். 36 வையுங்கோ, புதன் காலை எட்டு வரை இருக்கும். நாலு முறைக்கும் ஆறு நாள், ஆக கிழமைக்கு ஒரு சுற்று. நேரம் தாண்டினால் அந்தப் படி மற்ற மூன்று பேருக்கும் திறக்கவேணும். இல்லாவிட்டால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே முழுக் குழுவும் படுத்துவிடும்.

மல்லாவி, இணைந்த கணிதம்

முறை சரி, ஆனால் கணக்கை எங்கே வெட்டுறீங்கள் எண்டதில்தான் எல்லாம் இருக்கு. (அ), (ஆ), (இ) எண்டு பகுதி பகுதியாய்ப் பிரித்துக் கொடுத்தால் நாலு பேரும் தனித்தனியாய் நாலு சின்னக் கணக்குச் செய்வினம். அதில் சேர்ந்து படிக்கிறது ஒன்றும் இல்லை.

கப்பிக் கணக்கு ஒன்றை எடுங்கோ. ஒப்பமான கப்பிக்கு மேலாக இலேசான நீளா இழை, ஒரு நுனியில் 3 கிலோகிராம், மற்ற நுனியில் 2 கிலோகிராம். முதலாமவர் விசைகளைக் குறித்துப் படம் மட்டும் கீறவேணும். இரண்டாமவர் இரண்டு திணிவுக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதவேணும். மூன்றாமவர் தீர்க்கவேணும்: ஆர்முடுகல் (வேகம் கூடுற வீதம்) புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஐந்தில் ஒரு பங்கு, இழுவை (இழை இழுக்கிற விசை) 2.4 கிலோகிராமின் நிறை. நாலாமவரின் வேலையைத்தான் கன பேர் விட்டுவிடுகினம், சரிபார்க்கிறது. இரண்டு திணிவும் சமன் எண்டு எடுத்தால் ஆர்முடுகல் பூச்சியம் வருகுதோ? இழுவை 2 கிலோகிராமின் நிறைக்கும் 3 கிலோகிராமின் நிறைக்கும் இடையில் விழுகுதோ? இதை எழுதுற பிள்ளைக்கு முழுக் கணக்கும் விளங்கியிருக்கவேணும்.

வழமையாய்ப் பிழைக்கிறது முதல் படி. இழையின் இரண்டு பக்கமும் வேறு வேறு இழுவை குறித்துவிடுவினம், பிறகு மூன்று பேரும் அந்தப் பிழையின் மேலேயே ஏறிப் போவினம். அதால் தன் படியை எழுத முதல் முந்தின படியை ‘ஏற்கிறேன்’ அல்லது ‘திருத்தவேணும்’ எண்டு அழுத்தி, ஏன் எண்டு ஒரு வரி எழுதினால்தான் பெட்டி திறக்கவேணும். சும்மா ‘ஓகே’ போட்டுத் தப்பாமல் இருக்க ஆகக் குறைந்தது ஐந்து சொல்.

ஆசிரியருக்கு இடையில் விடை எழுத இடம் கொடுக்காதையுங்கோ. சேர் எழுதினார் எண்டால் அதோடு கதை முடிந்தது. 36 பேர் வகுப்பில் ஒன்பது குழு. சிக்கி நிற்கிற குழு மட்டும் ஆசிரியரின் திரையில் மேலே வந்தால் போதும், அதற்கும் ஒரு குறிப்புத்தான்.

வவுனியா, நிரலாக்கம்

முறை முறையாய்ச் செய்விக்கிற இடத்தில் வாற கோளாறு இரண்டு. ஒன்று, ஒரே விடை மூன்று தரம் விழுகிறது. விடை சேர்வருக்கு (செயலியின் மையக் கணினி) போய்ச் சேர்ந்த பிறகு, ‘வந்தது’ எண்ட பதில் திரும்ப முதல் சிக்னல் அறுந்தால் போன் திரும்ப அனுப்பும். விடைக்கான அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்குங்கோ. அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் பேசாமல் ‘வந்தது’ எண்டு சொல்லவேணும். மற்றது, போனின் கடிகாரம். பற்றரி செத்து எழும்பின பழைய போனில் திகதி எங்கேயோ நிற்கும். வரிசையை நேரத்தால் ஒழுங்கு செய்யாமல் படி எண்ணால் செய்யுங்கோ. 36 மணித்தியாலத்தையும் சேர்வர் எண்ணட்டும்.

பின்னணியில் தானாய்ப் போகும் எண்டு நம்பி இருக்கவேண்டாம். அண்ட்ராய்ட் 6 இல் இருந்து, அசையாமல் கிடக்கிற போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். ‘இன்னும் போகேல்ல’ எண்டு விடைக்குப் பக்கத்தில் எழுத்தில் காட்டுங்கோ.

கொப்பிப் படம் போனில் எடுத்தபடி 3, 4 மெகாபைட் வரும். அகலத்தை 1280 புள்ளிக்குக் குறைத்து நிறத்தையும் எடுத்துச் சாம்பல் படமாக்கினால் 100 கிலோபைட் அளவில் நிற்கும். தனிக் கறுப்பு வெள்ளையாக்கவேண்டாம், பென்சில் கோடு காணாமல் போகும், கப்பிப் படமே போச்சு. குரல் பதிவுக்கு ஓபஸ் எண்ட ஒலிச் சுருக்க முறை, செக்கனுக்கு 16 கிலோபிட், 40 செக்கனுக்கு 80 கிலோபைட். அதுக்கு மேல் கதைக்க விட்டால் ஒருவரும் கேட்கமாட்டினம்.

ஒட்டுசுட்டான், பெற்றோர் தொடர்பு

தொலைபேசி இலக்கம் எங்கேயும் தெரியக்கூடாது. வட்ஸ்அப் குழுவில் பொம்பிளைப் பிள்ளையின் இலக்கம் முன்பின் தெரியாதவைக்குத் தெரியுது எண்டாலே கன அம்மாமார் போனைப் பறித்துவிடுவினம். ஒரே போனில் அண்ணனும் தங்கச்சியும் எண்டால் ஆளுக்கொரு நாலிலக்கப் பூட்டு.

அப்பாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புறவை கவனம். தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துத்தான், அதுவும் கொம்பும் குற்றும் தனித்தனி. ‘கிளிநொச்சி’ கண்ணுக்கு ஐந்து, கணக்குக்குப் பத்து. ‘கணக்கு: உங்கள் பிள்ளையின் முறை’ எண்டு நிறுத்துங்கோ.

முதல் பத்துப் பேர் பட்டியல் வேண்டவே வேண்டாம். கவரேஜ் இல்லாத ஊர்ப் பிள்ளை சோம்பேறியாய்த் தெரியும்.

புதுக்குடியிருப்பு, வினாத்தாள் தட்டச்சு

பழைய பாஸ்பேப்பர் எல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில் அடித்தது. இப்போது எல்லாரும் பாவிக்கிற யுனிகோட் குறியீட்டுக்கு மாற்றிப் போட்ட பிறகும் ‘பௌதிகவியல்’ எண்டு தேடினால் பாதித் தாள் வராது. பாமினியில் ‘பௌ’ அடிக்கிறது ஒற்றைக்கொம்பு, ப, பிறகு ள. மாற்றுற மென்பொருள் அதை அப்படியே ‘பெளதிகவியல்’ ஆக்கிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான். வழமையான யுனிகோட் சீராக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்கிறது) பிரிந்து நிற்கிற ‘கொ’, ‘கோ’வைச் சேர்க்கும், இதைத் தொடாது, ஏனெண்டால் ள உண்மையான எழுத்து. முழுக்க மாற்றவும் ஏலாது, ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் கெட்டுப்போகும். பௌதிகம், சௌகரியம், மௌனம் எண்டு சொற்பட்டியல் வைத்து அந்தச் சொற்களை மட்டும் திருத்துங்கோ.

கிளிநொச்சி, திரை வடிவமைப்பு

வினாத்தாள்காரர் சொன்னதைத் தேடுற பெட்டியிலும் செய்யவேணும், பிள்ளையளும் அப்படித்தான் அடிக்குதுகள். முதல் பத்துப் பேர் பட்டியலைத் தூக்கச் சொன்னதும் சரி. இன்னொன்று விடுபட்டிட்டுது: காலபோக நெல் அறுவடை மாசி, பங்குனியில். அந்த நாளில் குழுவையே ‘ஓய்வு’ எண்டு நிறுத்திவைக்க ஒரு பட்டன் வேணும், 36 மணித்தியாலமும் அதோடு நிற்கவேணும்.