புது வீட்டு கராஜ் கதவு மக்கர் பண்ணுதா? மெக்கானிக்கை கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அமெரிக்கா, கனடாவுல புதுசா வீடு வாங்கினவங்க ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, கதவோட எடையைத் தாங்குறது மேல தொங்குற மோட்டார் இல்ல, பெரும்பாலும் கதவுக்கு மேல குறுக்கா இருக்கிற ஸ்பிரிங் தான். மோட்டார் சும்மா இழுத்து விடுது, அவ்ளோதான்.

கதவு பாதி இறங்கிட்டு திரும்ப மேலேயே போகுது, மோட்டார் லைட் விட்டு விட்டு எரியுதுன்னா பெரும்பாலும் சென்சார் பிரச்சனை. தரையிலேர்ந்து 6 இன்ச்சுக்குள்ள ரெண்டு பக்கமும் சின்னதா கண்ணு மாதிரி இருக்கும், குறுக்க குழந்தை வந்தா கதவு மேல ஏறணும்னு அமெரிக்காவுல 1993லேர்ந்து இந்த மாதிரி பாதுகாப்பு கட்டாயம். சிலந்தி வலை, தூசி இருந்தா துணியால துடைங்க, துடைப்பமோ சைக்கிளோ இடிச்சு திரும்பியிருந்தா நட்டை லேசா தளர்த்தி ரெண்டுலயும் லைட் நடுங்காம எரியுற வரைக்கும் நேரா வச்சு முடுக்குங்க. சாயங்கால வெயில் நேரா அடிச்சாலும் இதே தொல்லை தான். கதவு இறங்குதேன்னு சுவர் பட்டனை அழுத்திப் பிடிச்சே தினமும் மூடுறதை தயவுசெஞ்சு பழக்கமாக்காதீங்க, பட்டனைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் சென்சார் குறுக்க யார் வந்தாலும் கண்டுக்காது.

சுவர் பட்டன் வேலை செய்யுது, ரிமோட் மட்டும் இல்லன்னா பேட்டரி மாத்துங்க. சுவர் பட்டன்ல ரிமோட்டை வேலை செய்யவிடாம நிறுத்துற லாக் ஆன் ஆகியிருக்கான்னும் பாருங்க. மோட்டார்ல மாட்டின சில எல்ஈடி பல்பு ரிமோட் சிக்னலைக் கெடுக்கும், கழட்டிட்டு ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.

இப்போ ஸ்பிரிங். கதவை முழுசா மூடிட்டு மேலேர்ந்து தொங்குற சிவப்பு கயிறை இழுத்து மோட்டாரை விடுவிச்சு, கையால பாதி தூக்கி விடுங்க, நல்ல கதவு அங்கேயே நிக்கும். கனமா இருந்தா, தானா கீழ வந்தா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு. டமால்னு ஒரு சத்தம் கேட்டு, அப்புறம் ஸ்பிரிங் சுருள் நடுவுல இடைவெளி தெரிஞ்சா உடைஞ்சே போச்சுன்னு அர்த்தம், பட்டனை திரும்பத் திரும்ப அமுக்கினா மோட்டார் கியரும் போயிடும். கதவு திறந்த நிலையில உடைஞ்சிருந்தா அந்தக் கயிறைத் தொடவே கூடாது, மொத்த கதவும் தலைமேல விழும். யூடியூப் பார்த்து காசு மிச்சம் பண்ணலாம்னு ஸ்பிரிங்ல மட்டும் கை வைக்காதீங்க ப்ளீஸ், முறுக்கி வச்ச கம்பி அது, கை போயிடும், உயிரும் போகும். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை திறந்து மூட தாங்கும், நாளைக்கு நாலு தடவைன்னா ஏழு வருஷம் கிட்ட வரும், அதனால வீடு பழசுன்னா காசு எடுத்து வச்சுக்கோங்க.

ரோலர், கீல், ஸ்பிரிங்ல லித்தியம் கிரீஸோ சிலிகான் ஸ்ப்ரேயோ போடுங்க, ரோலர் ஓடுற தண்டவாளத்துல வேண்டாம், துடைச்சா போதும். டொராண்டோ பக்கம் குளிர்ல கீழ் ரப்பர் தரையோட உறைஞ்சு ஒட்டிக்கும், அப்போ பட்டனை அமுக்காம ஐஸை மெதுவா எடுத்து விடுங்க.

வாடகை வீடுன்னா ஸ்பிரிங் செலவு உங்க தலையில வராம ஓனருக்கு அன்னைக்கே எழுத்துல சொல்லிடுங்க. சொந்த வீடுன்னா சாவி வாங்கின அன்னைக்கே மோட்டார்ல இருக்கிற லேர்ன் பட்டனை அதோட சின்ன லைட் அணையற வரைக்கும் அழுத்திப் பிடிச்சு பழைய ரிமோட் எல்லாத்தையும் அழிச்சுட்டு உங்களோடதை மட்டும் புதுசா சேருங்க, முன்னாடி இருந்தவங்க யார் யார் கிட்ட ரிமோட் குடுத்தாங்கன்னு நமக்குத் தெரியாது.